இன்பொக்ஸிடம் கணக்குக் கேளுங்கள்

கண்டியில் ஒரு ஹோட்டலின் முன்பதிவுப் பிரிவிலோ சுற்றுலா முகவர் கந்தோரிலோ வேலைக்குச் சேர்ந்தால், முதல் நாளே கையில் தரப்படுவது ஒரு கடவுச்சொல். நாலைந்து பேர் மாறி மாறித் திறக்கும் பொது மின்னஞ்சல் முகவரியின் கடவுச்சொல். வெள்ளிக்கிழமை வந்ததும் முகாமையாளர் கேட்பார்: "இந்த மாதம் எத்தனை விசாரணை வந்தது? போன மாதத்தை விடக் கூடவா, குறைவா? நாங்கள் பதில் போட எவ்வளவு நேரம் எடுக்கிறோம்?" மூன்றுக்கும் பதில் அந்த இன்பொக்ஸுக்குள்ளேயே கிடக்கிறது. ஆனாலும் பல இடங்களில் ஒருவர் திரையை உருட்டி உருட்டி எண்ணுவார், அல்லது "கொஞ்சம் கூடத்தான் சேர்" என்று சொல்லித் தப்பிப்பார்.

அதே கேள்விக்கு ஒரு பக்கத்தில், ஒரு வரைபோடு பதில் நீட்டுபவரை அந்தக் கந்தோர் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கும். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்தவருக்கு விரிதாளும் தரவுத்தளமும் வினவலும் புதிதல்ல. தெரிய வேண்டியவை இரண்டுதான்: மடல்களை அட்டவணைக்குள் கொண்டுவரும் வழி ஒன்று, எவற்றைக் கொண்டுவரக் கூடாது என்பது மற்றது. பலரும் முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

மின்னஞ்சலுக்கும் தபால் கடிதம் போல உறையும் உள்ளடக்கமும் உண்டு. அனுப்பியவர், பெறுபவர், தலைப்பு, அனுப்பிய நேரம், வந்த நேரம், இணைப்பு உண்டா, எந்த மடலுக்கான பதில் ஆகியவை உறையில் இருப்பவை. 1982இல் வெளியான ஆர்எஃப்சி 822 என்ற நியமம் வகுத்த இந்த அமைப்பு, பின்னர் திருத்தப்பட்டாலும், அடிப்படையில் இன்றைய ஜிமெயில் வரை அப்படியே தொடர்கிறது. எல்லா மடல்களுக்கும் உறை ஒரே மாதிரி என்பதால் அது இலகுவாக நிரல்களாகப் பிரியும். உள்ளடக்கம் அப்படியல்ல. பழைய பதில்கள், கையொப்பம், சட்ட எச்சரிக்கை, கடவுச்சீட்டு இலக்கம், சில வேளை வாடிக்கையாளரின் வீட்டுப் பிரச்சினைகூட அதற்குள் இருக்கும். என் விதி இதுதான்: பொது முகவரியை இணையுங்கள், தனியாளின் முகவரியைத் தொடாதீர்கள், உறையை எடுங்கள், கடிதத்தை விட்டுவிடுங்கள். முகாமையாளர் கேட்பவற்றில் பெரும்பகுதிக்கு உறையே போதும்.

கேள்வி முதலில்

மென்பொருளைத் திறக்குமுன் கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். "மின்னஞ்சல் பகுப்பாய்வு" என்று எழுதினால் ஆறு வண்ணத்தில் ஒரு வட்ட வரைபு கிடைக்கும், அதை ஒருவரும் இரண்டாம் தரம் பார்க்க மாட்டார்கள். "பெரஹெராவுக்கான விசாரணை எத்தனை நாளுக்கு முன்பு ஏறத் தொடங்குகிறது?" என்று எழுதினால் விலையை எப்போது மாற்றுவது, மேலதிக ஆளை எந்த வாரத்தில் போடுவது என்பதற்கு ஒரு விடை கிடைக்கும்.

இந்தப் பெரஹெராக் கேள்வியைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம், ஏனென்றால் கண்டியில் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும் வரைபுகள் பெரும்பாலும் இங்கேதான் பிழைக்கின்றன. எசல பெரஹெரா நிக்கினிப் போயாவை ஒட்டி நிறைவடையும். அந்தப் போயா 2023இல் ஓகஸ்ட் 30, 2024இல் ஓகஸ்ட் 19, 2025இல் ஓகஸ்ட் 8. இப்போது 2023 ஜூலையையும் 2025 ஜூலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஜூலை விசாரணைகள் இவ்வளவு கூடிவிட்டன" என்று ஒருவர் அறிக்கை கொடுத்தால் அதற்கு என்ன பொருள்? 2023இல் ஜூலை முடிந்த பின்னும் போயாவுக்கு 30 நாள் இருந்தது. 2025இல் ஜூலை முடிந்தபோது எட்டு நாள்தான். ஒப்பிடப்பட்டவை இரண்டு வேறு பருவங்கள்.

தீர்வு சின்னது. ஒவ்வொரு மடலின் திகதியையும் அந்த ஆண்டின் நிக்கினிப் போயாத் திகதியிலிருந்து கழித்து, "போயாவுக்கு எத்தனை நாள் முன்பு" என்று ஒரு நிரல் சேர்க்க வேண்டும். வரைபின் கிடை அச்சில் மாதப் பெயர்களை எடுத்துவிட்டு 120இலிருந்து 0 வரை இறங்கும் நாள்களைப் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு கோடு. மூன்று கோடுகளும் ஒரே இடத்தில் ஏறுகின்றனவா, இந்த ஆண்டுக் கோடு பின்தங்குகிறதா என்பது ஒரு பார்வையில் தெரியும். எந்த மென்பொருளும் இந்த யோசனையைத் தானாகத் தராது. கண்டியில் வேலை செய்யும் ஒருவருக்குக் கொழும்பிலிருந்து வரும் ஆலோசகரை விடக் கை மேலாக இருப்பது இப்படியான இடங்களில்தான்.

எல்லாக் கந்தோருக்கும் இது பொருந்தாது. தேயிலைக் கம்பனியில் வேலை என்றால், கொழும்பு ஏலத்தின் விலை விபரம் தரகரிடமிருந்து மடலின் இணைப்பாக வரும். அங்கே மடல் வெறும் தூதுவர். தரவு இணைப்புக் கோப்பில் இருக்கிறது. இணைப்புகளை ஒரே கோப்புறையில் சேமித்து, எக்செலில் உள்ள பவர் குவெரியின் "கோப்புறையிலிருந்து" என்ற வழியால் ஒன்றாக்கினால் வேலை முடிந்தது. இன்பொக்ஸை இணைத்து மெனக்கெட வேண்டாம்.

ஜிமெயில் வழி

சிறிய விடுதிகளும் முகவர்களும் பெரும்பாலும் ஜிமெயிலில்தான் இருக்கிறார்கள், ஆகவே இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். முதலில் ஜிமெயிலிலேயே வடிகட்டி போட்டு, விசாரணை மடல்களுக்கு ஒரு லேபல் கொடுங்கள். தானியங்கி அறிவித்தல்கள், விளம்பரங்கள், வங்கிக் கூற்றுகள் இதற்குள் வரக்கூடாது. பாதி வேலை இந்த வடிகட்டியில்தான் இருக்கிறது.

பிறகு ஒரு கூகுள் ஷீட் திறந்து, அதன் நீட்சிகள் பட்டியலில் உள்ள அப்ஸ் ஸ்கிரிப்டுக்குப் போங்கள். அந்த லேபலில் உள்ள மடல்களைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் உரையாடல் இலக்கம், மடல் இலக்கம், திகதி, அனுப்பியவர், தலைப்பு ஆகிய ஐந்தையும் ஒரு நிரையாக எழுதும் நிரல்துண்டு ஒரு பக்கத்துக்குள் அடங்கும். சாட்ஜிபிடி போன்ற உதவியாளரிடம் கேட்டாலும் எழுதித் தரும். ஆனால் உதாரணத்துக்கு என்று உண்மையான வாடிக்கையாளர் மடலை அதற்குள் ஒட்டாதீர்கள். மடல் இலக்கத்தை விட்டுவிடவும் வேண்டாம்; மறுநாள் நிரல் ஓடும்போது ஏற்கெனவே எழுதிய மடலை அடையாளம் கண்டு தாண்டுவதற்கு அதுதான் நம்பகமான வழி. உரையாடல் இலக்கம் கேள்வியையும் பதிலையும் சோடி சேர்க்கும்.

இரண்டு தடைகள் வரும். ஒரு தடவை ஓடும் நிரலுக்கு கூகுள் ஆறு நிமிடம்தான் தருகிறது. மூன்றாண்டு மடல்களை ஒரே மூச்சில் இழுக்க முயன்றால் நடுவில் நின்றுவிடும், மாதம் மாதமாகப் பிரித்து இழுங்கள். மற்றது அனுமதி. இந்த நிரல் கேட்கும் அனுமதி மடலை வாசிக்க மட்டுமல்ல, அழிக்கவும் போதுமானது. பொதுக் கணக்கிலிருந்து மட்டும் ஓட்டுங்கள், நிரலில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகப் பார்த்த பிறகு ஓட்டுங்கள்.

அதன் பின் ஒவ்வொரு நாளும் காலை ஓடும்படி நேரத் தூண்டியைப் போட்டுவிடலாம். நிமிடத்துக்கு நிமிடம் புதுப்பிக்கும் "உயிர்" இணைப்பு பலருக்கும் ஆசை. வாராந்தக் கூட்டத்துக்கான வரைபுக்கு அது தேவையே இல்லை.

ஷீட்டில் நிரைகள் விழுந்தால் வினவல் உங்கள் கையில். கூகுள் ஷீட்ஸின் கியூரி என்ற சார்பு எஸ்கியூஎல் போலவே நிரலைத் தெரிவுசெய்யும், நிபந்தனை போடும், குழுவாக்கி எண்ணும். பாடசாலையில் அக்ஸஸில் வினவல் எழுதியவருக்கு இது ஒரு பின்னேர வேலை. வரைபை ஷீட்டிலேயே போடலாம். அழகாகவும் பகிரவும் வேண்டுமானால் 2022இல் லுக்கர் ஸ்டூடியோ என்று பெயர் மாறிய கூகுளின் இலவசக் கருவியோடு அந்த ஷீட்டை இணைக்கலாம். ஒரு கூகுள் ஷீட் ஒரு கோடி கலங்கள் வரை தாங்கும். ஐந்து நிரல்தான் என்றால் இருபது இலட்சம் மடலுக்கு இடமுண்டு. தரவுத்தளம் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மைக்ரோசொப்ட் வழி

பெரிய ஹோட்டல்கள், பல்லேகலை கைத்தொழில் பேட்டையிலுள்ள கம்பனிகள் போன்ற இடங்களில் அவுட்லுக் இருக்கும். எக்செலில் "தரவைப் பெறு" என்பதன் கீழ் எக்ஸ்சேஞ்ச் என்று ஓர் இணைப்பு உண்டு. மைக்ரோசொப்டின் அறிக்கைக் கருவியான பவர் பீஐயிலும் உண்டு. முகவரியைக் கொடுத்தால் மடல், நாட்காட்டி, தொடர்பாளர் முதலான அட்டவணைகள் வரும். மடல் அட்டவணையைத் தெரிந்தவுடன் முதல் வேலையாகக் கோப்புறையாலும் திகதியாலும் வடிகட்டுங்கள், உள்ளடக்கம், இணைப்பு ஆகிய நிரல்களை நீக்குங்கள். இல்லாவிட்டால் கணினி தேநீர் குடித்து முடிக்கும் வரை சுற்றிக்கொண்டிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. எக்ஸ்சேஞ்ச் ஒன்லைனில் வெளி மென்பொருள்கள் நுழையும் பழைய வாசலான எக்ஸ்சேஞ்ச் வெப் சேர்விசஸை 2026 ஒக்டோபரிலிருந்து மூடப்போவதாக மைக்ரோசொப்ட் 2023இலேயே அறிவித்தது. ஆகவே புதிதாக எதையும் கட்டுமுன், அது எந்த வாசலை நம்பியிருக்கிறது என்று கணினிப் பிரிவிடம் கேளுங்கள். பாதுகாப்பான மாற்று பவர் ஒட்டமேட். பொது அஞ்சல்பெட்டிக்கு மடல் வந்ததும் எக்செல் அட்டவணையில் ஒரு நிரையைச் சேர்க்கும்படி நிரல்துண்டு எதுவும் எழுதாமலே அமைத்துவிடலாம். ஆனால் அமைத்த நாளிலிருந்துதான் அது எண்ணும், பழைய மடல்களைத் திரும்பிப் பார்க்காது.

பழையவற்றுக்கு என்ன செய்வது? பழைய அவுட்லுக்கின் ஏற்றுமதிக் கட்டளையால் சிஎஸ்வி கோப்பு எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். எடுத்துப் பாருங்கள். தலைப்பு இருக்கும், அனுப்பியவர் இருக்கும், உள்ளடக்கம்கூட இருக்கும். திகதி மட்டும் இருக்காது. காலவரிசை வரைபு போட வந்தவருக்கு இதை விடக் கொடுமை வேண்டாம். வாசிப்புப் பலகத்தை மூடி, மடல் பட்டியல் முழுவதையும் தெரிந்து, நகலெடுத்து எக்செலில் ஒட்டினால் வந்த திகதி உட்பட எல்லாம் நிரல் நிரலாக விழும். பார்க்கச் சில்லறைத் தந்திரம்தான், ஆனால் வேலை செய்யும்.

பவர் பீஐ டெஸ்க்டொப் இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். செய்த அறிக்கையை இணையம் வழியே சக ஊழியரோடு பகிர மாதக் கட்டண உரிமம் தேவைப்படும். மூன்று பேர் பார்க்கும் அறிக்கைக்கு டொலரில் காசு கட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. எக்செலே போதும்.

எண்கள் ஏமாற்றும் இடங்கள்

நேரம்தான் முதல் கண்ணி. பல அமைப்புகள் மடலின் நேரத்தைக் கிரீன்விச் நேரத்தில் வைத்திருக்கும். இலங்கை நேரம் அதை விட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. நேரத்தை மாற்றாமல் விட்டால், நள்ளிரவுக்கும் அதிகாலை 5.30க்கும் இடையில் வந்த மடல்கள் எல்லாம் முந்தைய நாளின் கணக்கில் போய்ச் சேரும். ஐரோப்பிய விருந்தினர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதும் மடல்கள் சரியாக அந்த நேரத்தில்தான் இங்கே வந்து விழும்: ஜனவரியில் இலண்டனில் இரவு 8 மணி, கண்டியில் மறுநாள் அதிகாலை 1.30. கூகுள் ஷீட்டுக்கு ஒரு நேர வலயமும் அப்ஸ் ஸ்கிரிப்டுக்குத் தனியாக இன்னொன்றும் உண்டு. இரண்டையும் கொழும்புக்கு மாற்றுங்கள்.

அடுத்தது விடுமுறை. பதில் தாமதத்தை அளக்கும்போது சனி, ஞாயிறை மட்டும் கழித்தால் மாதம்தோறும் வரும் போயா உங்கள் சக ஊழியரைச் சோம்பேறியாகக் காட்டும். போயாத் திகதிகளையும் பிற அரச விடுமுறைகளையும் ஒரு சிறு அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள். எக்செலின் நெட்வர்க்டேய்ஸ் சார்பு அந்தப் பட்டியலை ஏற்றுக்கொள்ளும்.

எழுத்துரு இன்னொரு தலையிடி. தமிழ், சிங்களத் தலைப்புள்ள மடல்களின் சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கால் திறந்தால் எக்செல் அவற்றைக் குப்பை எழுத்தாக்கிவிடும். கோப்பைத் "தரவைப் பெறு" வழியாகத் திறந்து, குறிமுறையை யூடிஎஃப்-8 என்று தெரிந்தால் எழுத்துத் திரும்பும். பாமினியில் தட்டெழுதிய பழைய தலைப்புகள் அப்படியும் திரும்பா. அவை உண்மையில் ஆங்கில எழுத்தாகச் சேமிக்கப்பட்டவை, தனியே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

முகவரியை வைத்து ஆளை எண்ணுவதிலும் கவனம். புக்கிங் டொட் கொம் விருந்தினரின் சொந்த முகவரியைக் காட்டாமல் தன்னுடைய மாற்று முகவரியையே தருகிறது. அதை வைத்து நாட்டையும் சொல்ல முடியாது, பழைய விருந்தினரையும் கண்டுபிடிக்க முடியாது. முகவர் கம்பனியில் மூன்று பேர் எழுதினால் மூன்று முகவர் என்று எண்ணிவிடாதீர்கள். முகவரியின் பின்பகுதிக்கு எதிரே முகவர் பெயரை எழுதிய கைவேலை அட்டவணை ஒன்றைச் செய்து இணைத்துவிடுங்கள்.

கடைசியாகச் சராசரி. ஐந்து மடல்களுக்குப் பதில் போக 1, 1, 2, 2, 94 மணித்தியாலம் ஆனது என்று வையுங்கள். சராசரி 20 மணித்தியாலம், இடையம் 2. "நாங்கள் கிட்டத்தட்ட ஒரு நாள் எடுக்கிறோம்" என்று முகாமையாளரிடம் சொன்னால் கந்தோரே கலங்கும். உண்மையில் நடந்தது ஒரு மடல் தவறிப்போனது. இடையத்தைச் சொல்லுங்கள், அந்த 94ஐத் தனியே எடுத்து யாருக்கு, ஏன் என்று பாருங்கள். பவர் குவெரியின் குழுவாக்கும் பெட்டியில் இடையம் தயாராக இருக்கிறது.

வேவு பார்க்கும் வேலையல்ல

பதில் நேர வரைபு ஒன்று கிடைத்ததும் அடுத்த கோரிக்கை வரும்: "யார் மெதுவாகப் பதில் போடுகிறார்கள் என்று பெயரோடு எடுத்துத் தர முடியுமா?" முடியும். ஆனால் செய்யுமுன் யோசியுங்கள். காலைப் பணிமுறையில் இருப்பவருக்கு இரவு குவிந்த மடல்கள் எல்லாம் வந்து சேரும், அவருடைய எண் எப்போதும் மோசமாகவே தெரியும். பெயருக்குப் பதில் பணிமுறை வாரியாகவோ மணித்தியாலம் வாரியாகவோ பிரித்துக் கொடுங்கள். ஆள் பற்றாக்குறை எந்த நேரத்தில் என்பது அதில் தெரியும், முகாமையாளரால் சரிசெய்யக்கூடியதும் அதுதான்.

சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் ஒருவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் தனிப்பட்ட தரவுகளே. எந்த நோக்கத்துக்காக எடுக்கிறீர்கள் என்று எழுத்தில் இருக்கட்டும், முகாமையாளரின் அனுமதியும் மடலிலேயே இருக்கட்டும். அறிக்கைக்குத் தேவையில்லாத நிரலை வைத்திருக்காதீர்கள். அந்த ஷீட்டை "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று திறந்துவிடும் பழக்கம் மிக ஆபத்தானது.

வேலை தேடுபவருக்கு

இன்னும் வேலை கிடைக்கவில்லை, பழக மடல்கள் எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் சொந்த இன்பொக்ஸ் முதல் பயிற்சிக் களம். பெரிய அளவில் வேண்டுமானால் என்ரோன் மடல்கள் இருக்கின்றன. திவாலான அந்த அமெரிக்க எரிசக்திக் கம்பனி மீதான விசாரணையின்போது, அமெரிக்கக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணைக்குழு 2003இல் அவற்றைப் பகிரங்கமாக்கியது. சுமார் 150 பேருடைய ஏறக்குறைய ஐந்து இலட்சம் மடல்கள். அதில் தமது சொந்த விடயங்களைப் பற்றி எழுதியிருந்தவர்களின் மடல்களும் சேர்ந்து வெளியே வந்தன என்பது மேலே சொன்ன உறை விதிக்கு இன்னொரு காரணம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் இந்தத் தொகுப்பை இலவசமாகத் தருகிறது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இதில்தான் கை பழகினார்கள்.

சுயவிபரக் கோவையில் "பவர் பீஐ தெரியும்" என்று எழுதாதீர்கள், அதை எல்லோரும் எழுதுகிறார்கள். "பொது அஞ்சல்பெட்டியிலிருந்து வாராந்தப் பதில் நேர அறிக்கை அமைத்தல், நேர வலயம், போயா விடுமுறைத் திருத்தம் உட்பட" என்று எழுதினால் நேர்முகத்தில் எதிரே இருப்பவர் கேள்வி கேட்பார். கேட்டால் காட்டுவதற்குக் கற்பனைப் பெயர்கள் நிரப்பிய ஒரு கோப்பைக் கணினியில் வைத்திருங்கள். கொழும்புக் கம்பனியின் தொலைநிலை வேலையானாலும் கட்டுகஸ்தோட்டையில் ஒரு விடுதியானாலும் இது பொருந்தும்.

வேலையை விட்டுப் போகும் நாளுக்கும் ஒரு தயாரிப்பு வேண்டும். அப்ஸ் ஸ்கிரிப்டின் நேரத் தூண்டி அதைப் போட்டவரின் கணக்கில்தான் ஓடும். உங்கள் சொந்தக் கணக்கில் அமைத்திருந்தால், நீங்கள் போய் அனுமதி நீங்கியதும் புதிய நிரைகள் நின்றுபோகும். வரைபு பழைய எண்களைக் காட்டிக்கொண்டே இருக்கும், சில வாரம் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே தூண்டியைப் பொதுக் கணக்கிலேயே வையுங்கள், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற திகதியை வரைபின் மேல் மூலையில் காட்டுங்கள், விடுமுறை அட்டவணையை ஒவ்வொரு டிசெம்பரிலும் யார் நிரப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அடுத்த வேலைக்குக் கூடவே கொண்டுபோகலாம் என்றால் அது நிரைகள் எதுவுமற்ற வெற்று ஷீட்டும் நிரல்துண்டும்தான். அதற்கும் பழைய முகாமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.